காடு மீண்டது, பூச்சிகள்?

மழைக்கால இரவில் விளக்கை மொய்க்கும் பூச்சிகளைக் கண்டு சலித்துக்கொள்ளாத வீடு ஏது? விளக்கை அணைத்துவிட்டு, அவை அகலட்டும் எனக் காத்திருப்போம். ஆனால், அப்பூச்சிக் கூட்டத்தைக் கொண்டே ஒரு காட்டின் நலத்தை அளந்துவரும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவீர்களா, வாசகர்களே?

மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா நாட்டின் வடமேற்கே உள்ளது குவானகாஸ்டே. உலர்காடு அடர்ந்திருந்த அந்நிலம், ஸ்பானியர் வருகைக்குப் பின் மாட்டுப் பண்ணைகளாக மாறியது. மேய்ச்சலுக்கென ஆப்பிரிக்காவின் ஜராகுவா புல் பரப்பப்பட்டது. ஆளுயரம் வளரும் அப்புல்லை ஆண்டுதோறும் கோடையில் கொளுத்தினர். ஒவ்வொரு தீயிலும் இளமரங்கள் கருகின; அவற்றின் இலையை நம்பிய புழுக்களுக்கும் இடமில்லாது போயிற்று.

1971ஆம் ஆண்டில் அங்கே சாண்டா ரோசா தேசியப் பூங்கா அமைந்தது. எனினும் தீ ஓயவில்லை. அமெரிக்க உயிரியல் அறிஞர் டேனியல் ஜான்சனும் அவர் துணைவியார் வின்னி ஹால்வாக்ஸும் 1980களின் நடுவில் எளிய வழியொன்றை முன்வைத்தனர். தீயைத் தடுத்தால் போதும். விதைகளைக் காற்றும் பறவையும் விலங்கும் கொண்டு சேர்க்கும் என்பதே அது. சுற்றியிருந்த பண்ணைகள் விலைக்கு வாங்கப்பட்டன. புல்வெளியில் மரங்கள் தலைதூக்கின. 1999இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது.

அக்காட்டின் பூச்சிகளைக் கணக்கெடுத்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் அப்பகுதிக் கிராமத்து மக்களே! பட்டம் பெறாத அவர்களுக்கு 1989 முதல் பயிற்சி அளிக்கப்பட்டது. புழுவை அது தின்னும் இலையோடு பையிலிட்டு வளர்த்து, வண்ணத்துப்பூச்சி வருகிறதா, அதனுள் வாழ்ந்த ஒட்டுண்ணிக் குளவி வருகிறதா எனக் காத்திருந்து குறித்தனர்.

அந்தப் பொறுமை வீண்போகவில்லை. 1775 முதல் ஒரே இனமாகக் கருதப்பட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி, உண்மையில் பத்து இனங்கள் என 2004இல் தெரியவந்தது. சிறகால் ஒன்றுபோலத் தோன்றியவை, புழுப்பருவத்தின் நிறத்தாலும் உண்ணும் செடியாலும் வேறுபட்டிருந்தன. 2014இல், ஒட்டுண்ணிக் குளவிகளின் ஒரே பேரினத்தில் 186 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றுட் பல, அக்கிராமத்துப் பணியாளர்களின் பெயரையே தாங்கியுள்ளன.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ந்திருக்கலாம். 1984இல் விளக்கொளியில் கட்டிய வெள்ளைத் துணியில் அந்துப்பூச்சிகள் அப்பிக்கிடந்தன. 2019இல் அதே இடத்தில் கட்டிய துணியோ ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. கோடாரியும் தீயும் நின்ற காட்டில் இக்குறைவு ஏன்? வெப்பம் உயர்ந்ததையும், நான்கு மாதமாயிருந்த வறட்சிக்காலம் ஆறு மாதமாக நீண்டதையும் அத்தம்பதியர் காரணமாகக் காட்டுகின்றனர். வேலியிட்டுக் காட்டைக் காக்கலாம். வேலியைத் தாண்டிவரும் வெப்பத்தை எவ்வாறு தடுப்பது?

சிந்தியுங்கள். புழு குறைந்தால் குஞ்சுக்கு இரை தேடும் பறவை எங்கே போகும்? மகரந்தம் சுமப்பவை குறைந்தால் காய்ப்பது எவ்வாறு? இன்றிரவு உங்கள் விளக்கருகே ஓர் அந்துப்பூச்சி வந்தமர்ந்தால், மருந்து தெளிக்க நீளும் கை சற்றே தயங்கட்டும். பிள்ளைகளை அழைத்து அதைக் காட்டுங்கள்.