இழக்கத் தகுந்தது எவ்வளவு?

மகனோ மகளோ சொந்தத் தொழில் தொடங்க எண்ணினால், நாம் முதலில் கேட்பது "இலாபம் எவ்வளவு வரும்?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதை அமெரிக்கப் பேராசிரியை ஒருவரின் ஆய்வு உணர்த்துகிறது.

இந்திய வம்சாவளியினரான சரஸ் சரஸ்வதியே அவர். 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனின் வழிகாட்டுதலில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். பின்னர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டார்டன் வணிகப் பள்ளியில் பேராசிரியை ஆனவர்.

தொழில்கள் பல தொடங்கி, வெற்றியும் தோல்வியும் கண்டு தேர்ந்த 27 பேரை அவர் ஆராய்ந்தார். கற்பனைப் பொருள் ஒன்றைத் தந்து, "இதைக் கொண்டு எவ்வாறு தொழில் தொடங்குவீர்கள்?" என வினவினார். மனத்தில் எழுவதையெல்லாம் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அச்சொற்களே ஆய்வுக்குரியவை.

இதே வினாக்கள் மேலாண்மை பயிலும் மாணவர்கள் 37 பேரிடமும் வைக்கப்பட்டன. அவ்வொப்பீடு 2009-இல் வெளிவந்தது. மாணவர்கள் பெரும்பாலும் சந்தைக் கணிப்புகளை நம்பி இலாபத்தைக் கணக்கிட்டனர். அனுபவசாலிகளோ அக்கணிப்புகளை ஐயுற்றனர். "நான் யார்? எனக்கு என்ன தெரியும்? எவரை அறிவேன்?" என்று கையிலிருப்பதிலிருந்தே தொடங்கினர். உடன் வருவோரைக் கூட்டாளிகளாக்க விழைந்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு இழந்தால் தாங்க முடியும் என்பதை முன்னரே வரையறுத்தனர்.

2001-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இச்சிந்தனை முறைக்கு 'எஃபெக்சுவேஷன்' என்று பெயரிட்டது. தொழில்முனைவு ஆய்வுக்கான உலக விருது 2022-இல் அவருக்கு வழங்கப்பட்டது.

இம்முறையைக் கையாள்வோர் அனைவரும் வெல்வர் என்பது இதன் பொருளன்று. தேர்ந்தோர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதையே இது காட்டுகிறது. ஆயினும் குடும்பங்களுக்கு இதில் பெரும் பாடம் உண்டு. வரப்போகும் இலாபத்தை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. இழப்பின் எல்லையையோ இன்றே நாம் வகுத்துக்கொள்ளலாம். மனைவியின் நகையும் குடியிருக்கும் வீடும் பிள்ளைகளின் படிப்புப் பணமும் அவ்வெல்லைக்குள் வரலாமா? வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடியமர்ந்து, தாங்கக்கூடிய தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். அத்தொகைக்குள் தொடங்கக்கூடிய தொழில் எது என்று பாருங்கள். தொழில் நொடித்தாலும் குடும்பம் நிலைகுலையாது. மீண்டும் ஒருமுறை முயல வழியும் இருக்கும்.