உஷார்! கார்டு மாட்டியாச்சு, வேலை செய்கிறதா?

ஆய்வுப் படிப்புக்காகக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு போடப்போகும் பிள்ளைகளும் காசு கொடுக்கும் பெற்றோரும் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், மலேரியா இரத்தப் பூச்சுகளை நுண்ணோக்கியில் படம் எடுத்து, செல்போஸ் மென்பொருளில் அணுக்களை எண்ணுகிறாள். மொத்தம் 400 படங்கள். "கார்டு போட்டும் ராத்திரி முழுக்க ஓடி முப்பது படம்கூட முடியல, அங்கிள்" என்று கலங்கி வந்து நின்றாள். போய்ப் பார்த்தேன். சிபியு விசிறி இரைந்துகொண்டிருந்தது; கார்டில் கை வைத்தால் சூடே இல்லை. செல்போஸ் காட்டிய வரிகளில் ‘யூசிங் சிபியு’ என்று தெளிவாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தோம். கார்டின் பெயருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று வந்தது. இணைய விளம்பரம் பார்த்து வாங்கிய பழைய ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ அது. நிஜமான கார்டில் 768 கோர்கள் இருக்கும். இதிலிருந்தது 192 கோர் கொண்ட பழைய ஃபெர்மி தலைமுறைச் சிப். கார்டின் பயாஸை மாற்றி எழுதி, கிழட்டுக் கார்டுக்குப் புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். டிவைஸ் மேனேஜரும் அந்தப் பொய்ப் பெயரைத்தான் காட்டும். கார்டில் கணக்குப் போடவைக்கும் என்விடியாவின் குடா மென்பொருள் ஃபெர்மியை 2017-இலேயே கைவிட்டுவிட்டது. அதனால்தான் செல்போஸ் சிபியுவில் ஓடியது.

நிஜக் கார்டு என்றாலும் நிம்மதி இல்லை. மூன்று குழிகள் இருக்கின்றன.

ஒன்று, பழையது. 2025-இல் வந்த குடா 13, அசல் 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறையையும் விட்டுவிட்டது. விலை மலிவு என்று இன்று வாங்கினால் நாளை புதிய மென்பொருள் ஏற்காது.

இரண்டு, மிகப் புதியது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குக் குடா 12.8, செல்போஸுக்கு அடித்தளமான பைதார்ச் 2.7 அல்லது அவற்றுக்குப் பிந்தியவை வேண்டும். பழைய பதிப்பு இருந்தால் கார்டு இருப்பதாகச் சொல்லும். படத்தைக் கொடுத்ததும் பிழை காட்டி நிற்கும்.

மூன்று, தவறான நிறுவல். விண்டோஸில் பைதார்ச்சை வெறும் ‘பிப் இன்ஸ்டால்’ கட்டளையால் நிறுவினால் வருவது சிபியு பதிப்பு. பைதார்ச் போன்ற இன்னொரு கருவியான டென்சர்ஃப்ளோவோ 2.10-க்குப் பிறகு விண்டோஸில் நேரடியாகக் கார்டைத் தொடுவதே இல்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-2 வழியாகத்தான் போகவேண்டும்.

இதையெல்லாம்விட ஆபத்தான ஒன்று: ‘டிஎல்எல் கோப்பைக் காணோம்’ என்று செய்தி வந்ததும் கண்ட இடத்திலிருந்து கோப்பு இறக்குவது. 2022-இல் என்விடியாவிடமிருந்து திருடப்பட்ட கையொப்பச் சான்றிதழ்களை வைத்து, அசல் டிரைவர் போலவே வேஷம் போட்ட தீநிரல்கள் உலவின. டிரைவரை என்விடியாவின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். விற்றவர் பென் டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

காசு கொடுக்குமுன் செய்யவேண்டியது: ஜிபியு-இசட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் மாட்டியதும் பைதார்ச்சிடம் குடா கிடைக்கிறதா என்று கேளுங்கள். ‘ட்ரூ’ என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாமல், ஒரே ஒரு படத்தை ஓட்டி, ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையில் கார்டின் பயன்பாடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் கார்டு வெறும் அலங்காரம்.

ஏன் இத்தனை பதற்றம்? அந்தப் பெண் நேரம் போதாமல், "நாப்பது படம் மட்டும் எண்ணி முடிவை எழுதிடவா?" என்று கேட்டாள். அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை ஒடுக்கிய ஊர் எங்கள் கிள்ளான். அந்தக் காய்ச்சலுக்கு நம் தோட்டத் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் பலியானார்கள். அதைப் பற்றிய ஆய்வு, ஒரு போலிக் கார்டால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கக் கூடாது.

கடையில் வாங்கி ஏமாந்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும். ரசீது இல்லாத கார்டைத் தொடவே தொடாதீர்கள்.