சப்தர்ஜங்கில் விமானம் இல்லை, விதி இருக்கிறது

"டெல்லியில் இன்று இத்தனை டிகிரி" என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த அளவு பெரும்பாலும் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் எடுத்தது. அருகிலேயே ஒரு விமான நிலையமும் இருக்கிறது. 1929இல் வில்லிங்டன் விமானத்தளமாகத் திறக்கப்பட்டது. பயணிகள் விமானங்கள் பாலம் நிலையத்துக்கு மாறியபின், ஃபிளையிங் கிளப்பின் சிறு விமானங்களுக்கும் கிளைடர்களுக்கும் இதுவே வீடாக இருந்தது. 1980 ஜூன் 23 அன்று இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி சாகசப் பறத்தலுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். விமானம் விழுந்து அவரும் உடனிருந்த விமானியும் உயிரிழந்தார்கள். 2001க்குப் பிறகு பாதுகாப்புக் காரணத்தால் கிளப்பின் பறக்கும் பயிற்சியும் நின்றது. இப்போது முக்கியப் பிரமுகர்களின் ஹெலிகாப்டர்கள் வந்துபோவதோடு சரி.

பறப்பதுதான் நின்றது. ஓடுபாதையைச் சுற்றியுள்ள கட்டுப்பாடுகள் நிற்கவில்லை. விமான நிலையத்திலிருந்து 20 கி.மீ. வரை கட்டடங்களின் உயரத்தை 2015ஆம் ஆண்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. வண்ண மண்டல வரைபடம் அனுமதிக்கும் உயரம் வரை உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் தரலாம். அதற்கு மேல் போனால் இந்திய விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்.

வீடு வாங்குபவர் ஏமாறுவது இந்தச் சான்றைப் படிக்கும்போதுதான். "240 மீட்டர்" என்று போட்டிருந்தால் எழுபது மாடி கட்டலாம் என்று பொருளல்ல. அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். சப்தர்ஜங் பகுதியில் தரையே கடல்மட்டத்துக்குச் சுமார் 215 மீட்டர் மேலே இருக்கிறது. கழித்தால் மிச்சம் 25 மீட்டர். அதற்குள்தான் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூண்டு (டெல்லிக்காரர்களுக்கு மம்ட்டி), ஆன்டெனா, இடிதாங்கி எல்லாம் அடங்க வேண்டும். மனையின் ஆயத்தொலைவுகளையோ தரைமட்டத்தையோ தவறாகக் கொடுத்து வாங்கிய சான்று செல்லாது. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள இடமும் வாங்கப்போகும் இடமும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுவது நல்லது.

மீறினால் என்ன ஆகும்? 2022 ஜூலையில் மும்பை விமான நிலையத்தருகே உயர வரம்பைத் தாண்டிய 48 கட்டடங்களின் மிகைப் பகுதியை இடிக்கச் சொல்லி மும்பை உயர் நீதிமன்றம் மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிட்டது.

பாதிக்கப்பட்டவருக்கும் வழி இருக்கிறது. ஆணையம் அனுமதித்த உயரம் போதாது என்று கருதினால் மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம். சான்றுக்கு இணையத்தில் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், தரகர் தேவையில்லை. அக்கம்பக்கத்துக் கட்டடத்துக்குச் சான்று உண்டா என்ற சந்தேகத்துக்குப் பத்து ரூபாய்த் தகவலுரிமை மனு போதும். பதிலளிக்க முப்பது நாள் கெடு. மனு போக வேண்டிய ஆணையத் தலைமையகம், ராஜீவ் காந்தி பவன், அந்தச் சப்தர்ஜங் வளாகத்திலேயே இருப்பது ஒரு வசதி!

கல்யாணப் படப்பிடிப்புக்கு ட்ரோன் பறக்கவிடுபவர்களும் கவனிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும், மஞ்சள் மண்டலத்துக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி. மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். எந்த இடம் எந்த நிறம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடம் காட்டும்.