புழு வளர்க்கும் வீடு

இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிய பெருநூல் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் பிரெடெரிக் மூர். படங்களுக்கு மூலம் தந்தது பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஓவியக் குடும்பம் ஒன்று. தகப்பன் ஹர்மானிஸ் டி அல்விஸ் அங்கே 38 வருடம் செடிகளை வரைந்தவர். மக்கள் வில்லியமும் ஜோர்ஜும் பூங்காப் பணிப்பாளர் துவைட்ஸின் மேற்பார்வையில் பூச்சிகளை வரைந்தார்கள். சிறகு விரித்த பூச்சியோடு நிறுத்தாமல் புழுவையும் கூட்டுப்புழுவையும் சேர்த்தே வரைந்தார்கள்.

அந்த நூலின் பெருமை அதில்தான் இருக்கிறது என்பேன். செத்த பூச்சியை ஊசியில் குத்திக் கப்பலேற்றிவிடலாம். ஆனால் எந்தப் புழு எந்தப் பூச்சியாகும் என்பதை அறிய அந்த நாளில் அதை வளர்த்துத்தான் பார்க்கவேண்டும். மரபணுச் சோதனை வந்துவிட்ட இன்றும் எளிய வழி அதுதான். தினம் புது இலை போட வேண்டும், எச்சத்தைக் கொட்ட வேண்டும், மறக்காமல் எட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கென்றே அமைந்த வேலை.

எங்கள் ஊரான கிளிவெட்டியில், முற்றத்து நந்தியாவட்டையில் அலரிப் பருந்து அந்தின் புழு வரும். விரல் தடிப்பில், இலைப்பச்சை நிறத்தில் இருக்கும். தொட்டால் தலையை உள்ளிழுத்துக்கொண்டு முன்னுடலைப் புடைக்கும். அப்போது இரண்டு நீலக் கண்கள் முழித்துப் பார்க்கும். உண்மையில் அவை தோலில் உள்ள புள்ளிகள். கொத்த வரும் குருவியை மிரட்டுவதற்கானவை. "அம்மா, இது எங்களப் பாக்குதா?" என்று சின்னவள் கேட்டாள். மெய்யான கண்கள் எங்கே என்று அவளையே தேடச் சொன்னேன். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து, தலையின் ஓரத்தில் கடுகிலும் சிறிய கண்களைக் கண்டுபிடித்தாள்.

வளர்ந்து முடிந்ததும் புழுவின் பச்சை கபிலமாகக் கறுக்கும். இரை எடுக்காது, இறங்கிச் சருகைத் தேடி அலையும். புழு வளர்க்கும் போத்தலில் காய்ந்த இலை போடாதவர்கள் இந்த இடத்தில்தான் புழுவை இழக்கிறார்கள். கூட்டுப்புழுவாகி இரண்டு வாரமளவில் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறகுகளோடு பூச்சி வெளிவரும். இந்தப் புழு அலரியையும் தின்னும்; ஆனால் அலரியின் பால் நஞ்சு என்பதால் பிள்ளைகளுக்கு நந்தியாவட்டையே நல்லது. அதிலும் பால் உண்டு. கையைக் கழுவ வையுங்கள்.

எங்களது வயல் ஊர். மஞ்சள் தண்டுத்துளைப்பான் என்ற அந்தின் புழு பெரும்போகத்தில் கதிரை வெளுக்கவைத்தால் நட்டப்படுபவர்கள் அயலவர்கள்தான். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் நெல்லைத் தின்பவை ஒரு சில இனங்களே. மற்றவை இரவில் மலரும் பூக்களுக்கு மகரந்தம் காவுகின்றன, குருவிக் குஞ்சுகளுக்கு இரையாகின்றன. முற்றத்துச் செடிக்கும் சேர்த்து மருந்தடிப்பது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த முறை ஒரு புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள். அது தின்ற செடியின் இலையோடு அகன்ற போத்தலில் விட்டு, வாயை வலைத்துணியால் கட்டுங்கள். திகதி, செடி, ஊர் மூன்றையும் பிள்ளையின் கையாலேயே ஒரு கொப்பியில் எழுத வையுங்கள்.