புக்கிட் தீமாவின் பெரிய அணில்

புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் சிங்கப்பூரில் ஆக உயரமான இடம் இதுதான். தொண்டூழிய வழிகாட்டியாக நான் அழைத்துப் போகும் பிள்ளைகள் முதலில் தேடுவது அணிலைத்தான். செம்பழுப்பு வயிற்றுடன், வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழேகூட ஓடித்திரியும் சின்ன அணிலைக் காட்டிவிடலாம். பெரிய அணிலைக் காட்ட வழியில்லை.

வெளிர்நிற வயிறு, ஒரு அடிக்கு மேல் உடல், அதைவிட நீளமான வால். கொறித்துண்ணும் விலங்குதான், ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி மர உச்சியிலேயே இருக்கும். இந்த இனத்தை 1821-இல் முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்து எழுதியவர், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ். அவருக்கு அது கிடைத்த இடம் சிங்கப்பூர். 1995-க்குப் பிறகு இங்கே அது கண்ணில் பட்டதாகப் பதிவில்லை. ஜொகூர் காடுகளில் இன்னும் இருக்கிறது. உலகத்துக்கு அறிமுகமான ஊரிலேயே அது இல்லாமல் போனது எனக்கு ஆறாத வருத்தம்.

இங்கே கேம்பல் லேனில் பூ கட்டும் அண்ணன் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கை நாரை விடாமலே, “நம்ம மாந்தோப்புக்கு வருமே தங்கச்சி! ஒரே அணில் நாலஞ்சு மரத்துல கூடு கட்டி வச்சிருக்கும்” என்றார்.

அவர் சொன்னது சாம்பல் நிற மலை அணில், நம் பெரிய அணிலின் நெருங்கிய உறவு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், இலங்கை ஆகிய இடங்களில் சில காடுகளில் மட்டுமே வாழ்கிறது. அதற்காகவே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. ஆளைக் கண்டதும் இந்த அணில் கிளையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதனால் எங்கெங்கே இருக்கிறது என்று அறியக் கூடுகளைத் தேடுவார்கள். பூக்கடை அண்ணன் சொன்ன சிக்கல் அங்கேதான் வருகிறது: பத்துக் கூடு என்றால் பத்து அணில் என்று அர்த்தமில்லை. ஆனால் கூடு இருக்கும் இடம் நிறையச் சொல்லும். சுள்ளியும் இலையும் வைத்துக் கட்டிய அந்தக் கூடு, பெரும்பாலும் பக்கத்து மரக்கிளைகளும் வந்து பின்னும் இடத்தில் இருக்கும். கழுகு வந்தால் எந்தத் திசையிலும் தாவி ஓடலாம்.

கிளைகளின் அந்தத் தொடர்ச்சியைத்தான் சிங்கப்பூர் இழந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கேம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காட்டை அழித்தார்கள். மிஞ்சியதையும் 1986-இல் முடிந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை இரண்டாக வெட்டியது. குன்று ஒரு பக்கம், மத்திய நீர்ப்பிடிப்புக் காடு மறுபக்கம். 2013-இல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் பசுமைப் பாலம் வந்தது. மண் கொட்டி, இந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். எறும்புதின்னி அதில் கடக்கிறது. ஓல்டு அப்பர் தாம்சன் சாலையில் குரங்குகளுக்குக் கயிற்றுப் பாலமும் கட்டியிருக்கிறார்கள்.

இந்த வேலைகளை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தரையில் நடக்கும் விலங்குக்குப் போதுமான பாலம், தரைக்கு அரிதாகவே இறங்கும் அணிலுக்குப் போதாது. நட்ட மரங்கள் உயர்ந்து ஒன்றோடொன்று கிளை கோக்க வேண்டும். அண்ணனின் ஊரிலோ அந்த மரங்கள் இப்போதே நிற்கின்றன, தோப்புகளில்கூட. அணில் காயைக் கடித்தால் உழவருக்கு நட்டம்தான். அந்த நட்டத்துக்கு ஈடு கொடுத்தாவது மரங்களை நிற்க வைப்பது, வெட்டிவிட்டுப் பிறகு பாலம் கட்டுவதைவிட எவ்வளவோ மலிவு.