பூனைக்கும் பூனைமுடிதான்

மொட்டைப் பூனையின் படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர், “வெயிலுக்காகச் சிரைத்துவிட்டார்களா?” என்று கேட்டு எழுதியிருந்தார். சிரைக்கவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் தாமாகவே அப்படிப் பிறந்த குட்டிகளிலிருந்து வளர்க்கப்பட்ட ஸ்பிங்ஸ் இனம் அது. முழு மொட்டையும் அல்ல. நம் கன்னத்து மென்ரோமத்தைப் பூனைமுடி என்கிறோமே, இந்தப் பூனைக்கு மிஞ்சியதும் அதுதான்.

இதைவிட வேடிக்கையானது இங்கிலாந்தின் சுருள்முடிக் கதை.

1950 ஜூலையில் கார்ன்வால் பண்ணையொன்றில் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் உடம்பெல்லாம் அலையலையாக முடி. காலிபங்கர் என்று பெயர். பத்தாண்டு கழித்துப் பக்கத்து டெவனில் கிர்லீ என்ற இன்னொரு சுருள்பூனை. இரண்டும் ஒரே வழி என்று நம்பி, கிர்லீயைக் காலிபங்கர் வழிப் பெண்பூனைகளோடு சேர்த்தார்கள். பிறந்த அத்தனைக்கும் நேர்முடி!

இதை எழுதுபவர் வளர்ந்த லைன் வீட்டில் மாதக் கடைசியில் இதுபோல் ஒன்று நடக்கும். ஒரு வீட்டில் புளி இராது, அடுத்த வீட்டில் மிளகாய் இராது. இரண்டு அடுப்பிலும் ரசம் கெடும். கூட்டாகச் சமைத்தால் ஒரு குறையும் இராது. பூனைகளிலும் குறைகள் வெவ்வேறு. காலிபங்கர் வழி வந்த கார்னிஷ் ரெக்ஸ் இனத்துக்கு எல்பிஏஆர்6 என்ற மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டுள்ளன. 2013-இல்தான் இது வெளியானது. மனிதர்களில் இதே மரபணு பழுதானால் தலைமுடி கம்பளிபோல் சுருளும். கிர்லீ வழி வந்த டெவன் ரெக்ஸின் பழுதோ கேஆர்டி71-இல். முடி வளரும் குழிக்குள் அச்சுப்போல நின்று முடிக்கு வடிவம் கொடுக்கும் உறைக்கான கெரட்டின் புரதம் அதிலிருந்து வருகிறது. ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு மரபணுவிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிட்டதால் சுருள் தலைகாட்டவில்லை.

ஸ்பிங்ஸின் மொட்டைக்கும் காரணம் அதே கேஆர்டி71, வேறொரு பழுது. அச்சு கோணினால் சுருள்; இன்னும் மோசமானால் முடி வேரில் நிற்காமல் உதிர்கிறது.

மீசையும் சேர்ந்தே போவதுதான் வருத்தம். இருட்டில் வழி தடவும் கருவி அது. தோலில் ஊறும் எண்ணெயை உறிஞ்ச முடியில்லாததால் அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும். வெயிலில் தோல் வெந்துபோகும். புதுமைக்காக இவற்றை வாங்கி, நம்மூர் மொட்டைமாடியில் விட்டுப் படம் எடுப்பவர்களை என்ன சொல்வது? 2026 ஜனவரி 1 முதல் நெதர்லாந்தில் மொட்டைப் பூனைகளைப் புதிதாக வளர்க்கத் தடை. ஏற்கெனவே வீட்டில் இருப்பவை, சிப் பொருத்தியிருந்தால், இருக்கலாம்.