பொழியூர் மணலும் ஓகோஜாவின் வீரரும்

பாறசாலையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் பாதை பொழியூரில் முடிகிறபோது, கேரளமும் ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று தமிழ்நாட்டின் மீனவ ஊர்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போலத் தொடர்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டதனால் உண்டான அந்த எல்லையை, வலை உலர்த்துகிறவர்களும் பந்து உதைக்கிற பிள்ளைகளும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இரு பக்கத்திலும் தமிழும் மலையாளமும் ஒரே நாவில் கலந்து புரள்கின்றன. இரு பக்கத்திலும் வெயில் தாழ்ந்தால் பந்துகளி தொடங்கிவிடுகிறது.

இந்த மணலில் நின்றுகொண்டு, நைஜீரியாவின் ஓகோஜா நகரத்தில் 1984 அக்டோபர் 1-ஆம் தேதி, தம் தேசத்தின் சுதந்திர தினத்தன்றே பிறந்த கால்பந்து வீரர் பார்த்தலோமியு ஓக்பெச்சேயைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அவருடைய வாழ்க்கையை நிதானமாக வாசித்து அதன் உட்பொருளை உணரக்கூடியவர்கள் யாரேனும் உண்டென்றால், அவர்கள் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள் என்பது என் திடமான எண்ணம்.

பதினேழே வயதில், பாரிஸ் சான் ஜெர்மேன் கழகத்தின் இளைஞராக, 2002-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், பட்டிஸ்டூட்டாவின் அர்ஜென்டீனாவுக்கு எதிராக ஜப்பானில் நடந்த ஆட்டத்தில், நைஜீரியாவின் முதல் பதினொருவரில் ஒருவராக அவர் களம் இறங்கினார். அன்று அவரைப் பார்த்தவர்கள், இன்னும் பத்து வருஷங்களுக்கு ஐரோப்பாவின் பெரிய மைதானங்களில் இப்பெயர் ஒலிக்கும் என்று நினைத்திருந்தால் அதில் பிழையில்லை. நடந்ததோ வேறு. பாரிஸ் கழகம் அவரைப் பாஸ்தியாவுக்கும் மெட்ஸுக்கும் இரவல் கொடுத்தது. ஆட்டக்காரனுடைய ஒப்பந்தத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அவன் கால்களை மட்டும் வேறொரு கழகத்துக்குச் சில மாதங்கள் அனுப்புகிற அந்த முறையில், எத்தனையோ இளைஞர்களின் சிறந்த பருவம் பெட்டி கட்டுவதிலேயே கழிந்துபோகிறது. பிறகு அபுதாபியின் அல் ஜசீரா. பிறகு ஸ்பெயினில் அலவேஸ், வல்லடோலித், காடிஸ். பிறகு கிரேக்கத்தில் கவாலா. 2011-இல் இங்கிலாந்தின் இரண்டாம் படியில் மிடில்ஸ்பரோ. 2013-இல் மீண்டும் ஸ்பெயினின் இரண்டாம் படிக்கு வந்து, அட்டவணையின் அடியில் கிடந்த ஹெரெஸ். அதன்பின் நெதர்லாந்தின் காம்பூரும் வில்லெம் இரண்டும்.

வரிசையாகச் சொல்லும்போது இவை வெறும் ஊர்ப்பெயர்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு புதிய பாஷை, ஒரு புதிய குளிர், ஒன்றிரண்டு பருவத்துக்கு மேல் நீளாத ஓர் ஒப்பந்தம், சம்பளம் வருமா என்கிற கவலை, முழங்காலில் ஒரு வலி வந்தால் நாளை யார் கூப்பிடுவார்கள் என்கிற அச்சம். உலகக் கோப்பையில் ஆடிய ஒருவன் இவற்றையெல்லாம் சகித்துக்கொண்டு ஆடுவதை வீழ்ச்சி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் மீனவர்கள் கொச்சியிலிருந்தும் மங்களூரிலிருந்தும் குஜராத்திலிருந்தும் விசைப்படகேறி, வாரக்கணக்கில் கரையைக் காணாமல், சுறாவும் சூரையும் தேடிப் போய்த் திரும்புகிறார்களே, அவர்களை யாராவது தம் கடலை இழந்தவர்கள் என்று சொல்வோமா? சொந்தத் துறையில் மீன் போதாதபோது தூரத்துக்குப் போவது தொழில் தெரிந்தவனின் வழக்கம். ஓக்பெச்சே தூரத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தார்; அவ்வளவுதான்.

2018-இல், முப்பத்து நான்காம் வயதை எட்டும் தறுவாயில், அவர் இந்தியாவுக்கு வந்தார். இந்தியன் சூப்பர் லீகில் வடகிழக்கு யுனைடெட் கழகத்துக்குப் 12 கோல்கள் அடித்து, அதுவரை அரையிறுதியைக் கண்டிராத அக்கழகத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த பருவத்தில் கேரள பிளாஸ்டர்ஸின் தலைவராகி, 2019 அக்டோபர் 20 அன்று கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்திலேயே, ஏ.டி.கே. அணிக்கு எதிராக இரண்டு கோல்களையும் தாமே அடித்து வெற்றியைத் தந்தார். அந்தப் பருவம் முழுதும் அவர் அடித்தவை 15. அணியோ ஏழாவது இடத்தில் நின்றது. பின்னர் மும்பை, பின்னர் ஹைதராபாத். களத்தில் ஒரே சமயத்தில் நிற்கக்கூடிய அயல்நாட்டார் ஐவரிலிருந்து நால்வராகக் குறைக்கப்பட்டு, அவர்களுக்கிடையே போட்டி கடுமையான 2021-22 பருவத்தில், முப்பத்தேழு வயதில் 18 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி பெற்றார். 2022 மார்ச் 20 அன்று ஃபதோர்தாவில் ஹைதராபாத் பெனால்டியில் வென்று கோப்பையை எடுத்துச் சென்றது, அவரைக் கொண்டாடிய அதே கேரள பிளாஸ்டர்ஸை வீழ்த்தித்தான். இந்தியன் சூப்பர் லீகில் அவர் அடித்த 63 கோல்கள், பிறகு சுனில் சேத்ரி அதைக் கடக்கும்வரை, முதலிடத்தில் இருந்தன.

இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜும் இந்தப் பிரயாண ஜாதியைச் சேர்ந்தவரே. சென்னை சிட்டியில் சிறந்த நடுக்கள வீரரென்று பெயரெடுத்து, ஜாம்ஷெட்பூர் போய், ஏ.டி.கே.யோடு கோப்பை வென்று, 2020 நவம்பர் 20 அன்று, பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே காயமுற்று, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். ஒரு வீரனுடைய முழங்கால் எவ்வளவு மெல்லிய நூலில் ஒரு குடும்பத்தின் ஜீவனத்தைக் கட்டி வைத்திருக்கிறது என்பதை அன்று இந்தக் கடற்கரை கண்டது.

2017 நவம்பர் 30-ஆம் தேதி வந்த ஒக்கிப் புயல் இந்தத் துறைகளில் எத்தனையோ வீடுகளை ஆண்துணை அற்றவையாக்கிவிட்டுப் போன நான்கு மாதங்களில், 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றிய கேரள அணியில், பொழியூரின் சீசனும் லிஜோவும் இருந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவில் இக்கரையில் பெருகிய கண்ணீரில் எது துக்கம், எது ஆனந்தம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயன்றிராது.

இந்தப் பிள்ளைகள் பழகிய மணலைக் கடல் இப்போது தின்றுகொண்டிருக்கிறது. பொழியூரின் கடலரிப்பு வீடுகளைக் கொண்டுபோனது. ஆட்டத்துக்கான அகலத்தையும் கொண்டுபோகிறது. சந்தோஷ் கோப்பை வீரர்களின் ஊர் என்று இந்த ஊரைப் புகழ்கிறவர்களிடம், அலை எட்டாத தூரத்தில், புல் விரித்து வேலி கட்டிய ஒரே ஒரு மைதானத்தை, இரு மாநிலப் பிள்ளைகளும் எல்லை பாராமல் ஆடும்படி அமைத்துக் கொடுக்குமாறு கேட்கிறேன்.